டீவியில் வரும் மெலிவுக் குளிசைகள், பவுடர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியத் தமிழ் சனல்களில் அரை மணித்தியாலம் ஓடும் மெலிவு விளம்பரங்கள் எங்கள் வீடுகளிலும் நாள் முழுக்க ஓடுகின்றன. அதே பொருட்கள் முகநூல், வட்ஸ்அப் ஏஜென்ட்மார் வழியாகப் பார்சலில் வீடு தேடி வருகின்றன. வாங்குவதற்கு முன்னும், சில வேளை வாங்கிய பின்னும் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

30 நாளில் 10 கிலோ குறையும் என்கிறார்களே, நடக்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. அதை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 2,560க்கு மேல். வீட்டு வேலை, கந்தோர் வேலை செய்யும் ஒரு பெண்ணின் உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பதே 1,800 முதல் 2,000 கலோரிதான். ஒரு பருக்கை சோறுகூடச் சாப்பிடாமல் இருந்தாலும் அந்த 10 கிலோவும் கொழுப்பாகக் குறைய வழியில்லை. கிழமைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதுதான் நிலைத்து நிற்கும் வேகம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் கிழமையிலேயே மூன்று கிலோ குறைந்ததே?

குறைந்திருக்கும். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் போனதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் சீனியையும் திடீரென்று குறைத்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்து, தண்ணீரும் சிறுநீராக வெளியேறிவிடும். மருந்தில் பேதி மூலிகையும் இருந்தால் குடலில் கிடந்ததும் சேர்ந்து போகும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய நாலைந்து நாளில் இதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

பார்சலோடு வரும் தாளையும் எடுத்துப் பாருங்கள். "இரவில் சோறு வேண்டாம், சீனி வேண்டாம், பொரித்தது வேண்டாம், தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்கவும்" என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடுவதும் அதுதான். அந்தத் தாளைப் பின்பற்றினாலே நிறை குறையும். காசு மட்டும் போத்தலுக்குப் போகிறது.

இந்தக் குளிசைகளுக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது?

லேபலில் அடிக்கடி காணும் பெயர்கள் ஐந்தாறுதான்.

கொறக்காப்புளிச் சாறு, அதாவது கார்சினியா. இதிலுள்ள ஹைட்ரொக்சிசிட்ரிக் அமிலம் கொழுப்பு சேர்வதைத் தடுக்கும் என்பது விளம்பரக்காரர் வாதம். 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதியினர் 12 கிழமைக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை கொடுக்கப்பட்டது. இரு பகுதியினரின் நிறை குறைவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கறிக்குப் போடும் அளவில் கொறக்காவால் ஒரு கெடுதியும் இல்லை. செறிவாக்கிக் குளிசையாக எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது.

கிரீன் டீ சாறு. தேத்தண்ணியாக ஊற்றிக் குடிப்பது வேறு, சாறாக்கிய குளிசை வேறு. இதன் முக்கியக் கூறான ஈ.ஜீ.சீ.ஜீ. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஈரல் நொதியங்கள் உயரக்கூடும் (ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளம்) என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது.

நிலாவரை (சென்னா). "டீடொக்ஸ் டீ", "வயிறு சுத்தம்" என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலும் இதுதான். இது பெருங்குடலைத் தூண்டிப் பேதியாக்கும். கலோரியோ சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்திருக்கும். ஆகவே வெளியேறுவது கொழுப்பல்ல, தண்ணீரும் பொட்டாசியமும். மாதக்கணக்கில் குடித்தால் கால் பிடிப்பு, சோர்வு, படபடப்பு வரும். நிறுத்தியதும் மலச்சிக்கல் வந்து நிற்கும்.

நார்ச்சத்து வகைகள். குளுக்கோமன்னன், இசப்கோல் போன்றவை தண்ணீரில் ஊதி வயிறு நிறைந்த உணர்வைத் தரும். குளுக்கோமன்னன் நாளொன்றுக்கு மூன்று கிராம், ஒவ்வொரு கிராமாகச் சாப்பாட்டுக்கு முன், ஒன்றிரண்டு கிளாஸ் தண்ணீரோடு, சாப்பாட்டையும் குறைத்து எடுத்தால் சிறிதளவு உதவும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

சோயாப் புரதப் பவுடர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக 200 கலோரி அளவில் குடித்தால் நிறை குறையும், அதை மறுப்பதற்கில்லை. பவுடரை நிறுத்திப் பழைய சாப்பாட்டுக்குப் போனதும் நிறையும் திரும்பிவிடும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

மூலிகைதானே, வேலை செய்யாவிட்டாலும் கெடுதி இல்லைத்தானே?

வேலை செய்யாத பவுடரால் பெரும்பாலும் காசுதான் நட்டம், மேலே சொன்னது போலச் சிலருக்கு ஈரலும் கெடலாம். மிக வேகமாக வேலை செய்யும் "மூலிகை"க்குத்தான் இன்னும் அதிகம் பயப்பட வேண்டும். மூன்றாம் நாளே பசி அற்றுப்போய், வாய் உலர்ந்து, இரவில் தூக்கம் வராமல், நெஞ்சு படபடக்கிறது என்றால் அது மூலிகையின் குணமல்ல. லேபலில் எழுதாத ஒரு மருந்து உள்ளே கலக்கப்பட்டிருக்கக்கூடும்.

இப்படி அதிகம் பிடிபட்டது சிபுட்ராமின். ஒரு காலத்தில் டொக்டர்மார் எழுதிக் கொடுத்த மருந்துதான் அது. இதய ஆபத்து உள்ள சுமார் 10,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து 16 வீதம் கூடியது தெரிந்ததும் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றும் "100 வீதம் இயற்கை" என்று அச்சடித்த மெலிவுக் குளிசைகளுக்குள் அதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறது. புற்றுநோய் அச்சத்தால் கைவிடப்பட்ட பீனோல்ப்தலீன் என்ற பேதி மருந்தும் அவ்வாறே பிடிபட்டிருக்கிறது. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

டீவியில் டொக்டரே வந்து சொல்கிறாரே?

அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். மெஹ்மெட் ஒஸ் உண்மையான இதய சத்திரசிகிச்சை நிபுணர். 2012இல் தன் டீவி நிகழ்ச்சியில் பச்சைக் கோப்பிக் கொட்டைச் சாறைப் புகழ்ந்தார், விற்பனை பறந்தது. ஆதாரமாகக் காட்டிய ஆய்வு இந்தியாவில் வெறும் 16 பேரை வைத்து நடந்தது. அதில் பங்குபற்றியவர்களின் நிறைகளே மாற்றி எழுதப்பட்டிருந்தன என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அதற்குப் பணம் கொடுத்த நிறுவனம் 2014இல் 35 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் செனட் உபகுழு ஒஸ்ஸை அழைத்துக் கேள்வி கேட்டது. உண்மையான டொக்டர் சொன்னதன் கதையே இது. விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்பவர் நடிகராகவும் இருக்கலாம்.

இந்தியாவிலேயே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயச் சிகிச்சைகள் பற்றிய விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் உடற்பருமனும் இருக்கிறது. "உணவு", "வாழ்க்கை முறை" என்ற போர்வையில் விளம்பரம் வருவது அதனால்தான்.

போனில் "நான் டொக்டர் பேசுகிறேன்" என்றால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். எம்.பி.பி.எஸ். என்றால் இலங்கை மருத்துவச் சபையிலும், சித்தம், ஆயுர்வேதம், யுனானி என்றால் ஆயுர்வேத மருத்துவச் சபையிலும் பெயர் இருக்க வேண்டும்.

பெட்டியில் 14 இலக்க இந்திய லைசன்ஸ் நம்பர் இருக்கிறது. அது போதாதா?

அது உணவுத் தொழில் நடத்த இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கும் அனுமதி. முறுக்குப் பைக்கற்றிலும் அது இருக்கும். மெலிய வைக்கும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று அல்ல.

இங்கே மருந்தாக விற்பதற்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு வேண்டும். உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட பொருட்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பக்கம் போக வேண்டும். பெட்டியைத் திருப்பி இலங்கை இறக்குமதியாளரின் பெயர், விலாசம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, ரூபாவில் ஆகக்கூடிய சில்லறை விலை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறக்குமதியாளர் பெயரே இல்லை, இந்திய விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்றால் அது பயணப் பொதியில் வந்த சரக்காக இருக்கக்கூடும். பிரச்சினை வந்தால் பொறுப்புச் சொல்ல ஆளிருக்காது.

அம்மாவுக்கு சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு. அவ குடிக்கலாமா?

கிளினிக் கொப்பியையும் அந்தப் பெட்டியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டாமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. இன்சுலின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்கள் மெலிவு மருந்தால் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். புரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர்க்குளிசைகளோடு நிலாவரை சேர்ந்தால் பொட்டாசியம் மேலும் குறையும். டிஜொக்சின் என்ற இதய மருந்தும் எடுப்பவருக்கு அது உயிராபத்து. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்கள் கிரீன் டீ சாறையும், கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்தான ஓர்லிஸ்டாட்டையும் தாமாகத் தொடங்கக் கூடாது. தைரொக்சின் குளிசையை நார்ச்சத்துப் பவுடர், சோயாப் பவுடர் எதனுடனும் சேர்க்காமல் நாலு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும்.

"இதைக் குடித்தால் பிரஷர்க் குளிசையை நிறுத்தலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த நிமிடமே போனை வையுங்கள். அந்த வார்த்தையை நம்பி நிறுத்தினால் பக்கவாதத்தில் போய் முடியலாம்.

கப்சூலின் உறை ஹலாலா? நோன்பு காலத்தில் எடுக்கலாமா?

உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் எடுப்பார்கள், பன்றியிலிருந்தும் எடுப்பார்கள். லேபலில் வெறுமனே "ஜெலட்டின்" என்றிருந்தால் எதிலிருந்து என்று தெரியாது. எச்.பி.எம்.சி. அல்லது தாவர உறை என்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம் இல்லை. சைவக்காரரும் இதையேதான் பார்க்க வேண்டும்.

நோன்பிலும் விரதத்திலும் பேதியாக்கும் தேயிலை, கோப்பிச் சாறு, பசியடக்கும் குளிசை எதுவும் வேண்டாம். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பிலிருந்து அவை மேலும் தண்ணீரை இழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலிலும் வாடியிலும் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன். மகளுக்கும் 15 வயது, குண்டாக இருக்கிறாள். நாங்கள் எடுக்கலாமா?

இருவரும் எடுக்கக் கூடாது. கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் அப்படியே. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் பேசுங்கள். மகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வயிற்றுப் பட்டி, கொழுப்புக் கரைக்கும் எண்ணெய்?

பட்டி வியர்க்க வைக்கும். ஒரு லீட்டர் வியர்வை போனால் தராசில் ஒரு கிலோ குறையும், இரண்டு போத்தல் தண்ணீர் குடித்ததும் ஏறும். எண்ணெய் தோலைத் தாண்டிப் போய்க் கொழுப்பைக் கரைப்பதில்லை. இரண்டுக்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

இப்போது ஊசி ஒன்று வந்திருக்கிறதாமே?

செமக்ளூட்டைட். இது விளம்பரப் பவுடர் அல்ல, சரியான மருந்து. கிழமைக்கு 2.4 மில்லிகிராம் வீதம் 68 கிழமை போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் நிறையில் 15 வீதமளவு குறைந்தது ஆய்வில் தெரிந்தது. அமெரிக்காவில் 2021இல் உடற்பருமனுக்கு அனுமதி கிடைத்தது. குமட்டல், வாந்தி, பித்தக்கல் போன்றவை வரலாம். நிறுத்தினால் நிறை திரும்பும். நிபுணர் எழுதிக் கொடுத்து, பாமசியில் 2 முதல் 8 பாகை குளிரில் வைத்திருந்ததைத்தான் வாங்க வேண்டும். போலிச் செமக்ளூட்டைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்தது. பஸ்ஸில் வெயிலோடு வரும் பார்சல் ஊசியை உடம்பில் ஏற்றாதீர்கள்.

எல்லாம் வாசித்தேன். ஆனாலும் ஒருமுறை குடித்துப் பார்க்கத்தான் போகிறேன். எப்படி?

அப்படியென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். தொடங்குமுன் நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், நாடித்துடிப்பு நாலையும் எழுதி வையுங்கள். ஈரலுக்கு எஸ்.ஜீ.பி.டி., சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். இடுப்பை ஆடைக்கு மேலால் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கூடுதல். நிறையைக் கிழமைக்கு ஒருநாள், காலையில் மலசலம் கழித்த பின், ஒரே தராசில் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்தால் எது கெடுதி செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியையும் பில்லையும் எறியாதீர்கள். ஓய்வாக இருக்கும்போது மணிக்கட்டில் ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். 100ஐத் தாண்டி நின்றால் அன்றே நிறுத்துங்கள். ஒரு மாதத்தில் எஸ்.ஜீ.பி.டி. மறுபடி பாருங்கள். 12 கிழமையில் உங்கள் நிறையில் 5 வீதம்கூடக் குறையாவிட்டால் அடுத்த போத்தல் வாங்குவதில் பொருளில்லை.

என்ன அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் மஞ்சளாதல், சிறுநீர் பிளேன்டி நிறத்தில் போதல், உடம்பெங்கும் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழ் வலி: இவை ஈரல் கெடுவதற்கான அறிகுறிகள். நெஞ்சுவலி, மயக்கம், நெஞ்சு தாறுமாறாக அடித்தல், கை கால் திடீரென்று விழுதல், விழுங்கியது தொண்டையில் நின்று மூச்சு முட்டுதல் என்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளோ, எது கிட்டவோ அங்கே போங்கள். போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைத்தால் சரியான பரிசோதனை பிந்திவிடும்.

அப்படியானால் குளிசை இல்லாமல் எங்கேதான் குறைப்பது?

முதலில் தேத்தண்ணியில். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. மாதத்துக்கு 6,000. கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். பிறகு தேங்காய்ப்பால்: தடித்த பால் 100 மில்லிலீட்டரில் ஏறத்தாழ 200 கலோரி. கறிக்கு இரண்டாம் பாலைப் போட்டு, முதல் பாலை விசேஷ நாளுக்கு வையுங்கள். தயிர்ச் சட்டியைக் கைவிடத் தேவையில்லை, மேலே ஊற்றும் சீனிப்பாணியை விடுங்கள்.

சோறு, புட்டு, இடியப்பத்தைத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து போடுங்கள். ஒரு கோப்பை சோறு ஏறத்தாழ 200 கலோரி. அம்பாறைப் பக்கம் வெட்டு மிசின் வந்து வேலை குறைந்த பிறகும் சோற்றின் அளவு அரிவாள் காலத்து அளவாகவே இருக்கிறது. பீங்கானில் பாதி முருங்கையிலை, பொன்னாங்காணி, வெண்டி, கத்தரி, கால்பங்கு மீனோ பருப்போ முட்டையோ, மீதிக் கால்பங்கு சோறு. மீனைப் பொரிக்காமல் ஆணமாக வையுங்கள். பிறகு நடை: கிழமைக்கு 150 நிமிடம், மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நிறையில் 7 வீதம் குறைப்பதையும் இந்த 150 நிமிடத்தையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 58 வீதம் குறைந்தது, மெட்போர்மின் குளிசையால் 31 வீதம்தான் குறைந்தது.

சாப்பாட்டைக் குறைத்தும் குறையவே இல்லை என்றால்?

மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுங்கள். தைரொயிட் சுரப்பு குறைவு, பி.சி.ஓ.எஸ். (பெண்களுக்கு வரும் ஓமோன் கோளாறு) போன்ற நோய்களும், பிரெட்னிசொலோன், இன்சுலின், ஓலன்சபின், வல்ப்ரோவேட் போன்ற மருந்துகளும், டிப்போ என்ற கருத்தடை ஊசியும் நிறையைக் கூட்டலாம். மூட்டுவலிக்கு "நாட்டுமருந்து" குடித்து முகம் உருண்டையானவர்களுக்கு அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டொக்டரிடம் போக வேண்டும். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் நிறை, பிரஷர், சீனி இலவசமாகப் பார்ப்பார்கள். எங்கே, எந்த நாள் என்பதை எம்.ஓ.எச். கந்தோரில் கேட்கலாம்.

ஏமாந்துவிட்டேன். எங்கே முறையிடுவது?

பொய் விளம்பரம், விலை, காசு திருப்பாமை பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பதிவில்லாத மருந்து என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு எழுதுங்கள். உணவென்று விற்றால் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். பெட்டிப் படம், பில், வட்ஸ்அப் உரையாடல், காசு அனுப்பிய ஸ்லிப் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பார்சல் வந்ததும் காசு கட்டுமுன் திறந்து பார்க்க விடாத விற்பனையாளரிடம் முதலிலேயே வாங்காமல் விடுவது நல்லது.

பாதிப் போத்தல் மிச்சம் இருக்கிறது. தங்கச்சிக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். உங்களுக்கு ஏதும் கோளாறு வந்திருந்தால் போத்தலை அப்படியே வைத்திருங்கள், ஆய்வுக்கு அதுதான் சாட்சி. இல்லாவிட்டால் குளிசைகளைக் கொட்டி ஊறிய தேயிலைச் சக்கையோடோ சாம்பலோடோ பிசைந்து, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள். கிணற்றடியிலோ வாவியிலோ கொட்டாதீர்கள். வெறும் போத்தலின் லேபலைக் கிழித்துவிட்டுத்தான் எறிய வேண்டும், யாராவது எடுத்து மறுபடி நிரப்பி விற்றுவிடாதபடி.